மேனேஜரைத் தேடிப் போகும் முன்: வேலூர்ப் பக்கத்திலிருந்து நடிக்க வருபவர்களுக்கு

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 23, பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு வேலை. கல்லூரியில் நாடகம் போட்டிருக்கிறார், இரண்டு குறும்படங்களில் நடித்திருக்கிறார். நடிகராக வேண்டும், அதற்கு டேலண்ட் ஏஜென்சியை எப்படி அணுகுவது, என்ன எழுதி அனுப்புவது, வேலையை விட்டுவிட்டு சென்னைக்கே போய்விடலாமா என்கிறார். இன்ஸ்டாகிராமில் ஒரு ஏஜென்சி பதிவுக் கட்டணம் என்று 25,000 ரூபாய் கேட்கிறதாம். அதைக் கட்டலாமா என்பதும் அவர் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள் தம்பி. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நடிகருக்கு வேலை வாங்கித் தருபவர், அந்த வேலையில் வரும் சம்பளத்திலிருந்துதான் தன் பங்கை எடுக்க வேண்டும். வேலை வருவதற்கு முன்பே உங்களிடம் பணம் வாங்குகிறவருக்கு வருமானம் நீங்கள்தான். படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

நான் சத்துவாச்சாரிக்காரன். சென்னையில் பல வருடம் உதவி இயக்குநராகவும், அப்புறம் காஸ்டிங், அதாவது வேடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையிலும் இருந்தேன். எங்கள் அலுவலக போனுக்கு வரும் போட்டோக்களையும் வீடியோக்களையும் பார்த்துப் பிரித்து வைத்தது நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தவறான கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள்.

ஏஜென்ட் என்று பொதுவாகச் சொன்னாலும், தமிழ் சினிமாவில் அந்தப் பெயரில் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கல்யாண சீன், மார்க்கெட் சீன், காலேஜ் சீன் என்றால் கூட்டம் வேண்டுமே, அந்தக் கூட்டத்தை அழைத்து வருபவர் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்ட். அன்றைய சம்பளம், சாப்பாடு, வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. ஷூட்டிங் எப்படி நடக்கிறது என்று பார்க்க நினைத்தால் அவர் மூலமாக நாலைந்து நாள் போய் வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் அங்கிருந்து வசனம் பேசும் வேடத்துக்குத் தானாக வழி திறந்துவிடும் என்று நம்பி வருடக்கணக்கில் நிற்காதீர்கள்.

அடுத்தவர் காஸ்டிங் டைரக்டர். இவர் உங்களுடைய ஆள் கிடையாது, படத்தின் ஆள். இயக்குநர் 'ஹீரோவின் தம்பி, இருபது வயது, ஒல்லியாக, ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சு' என்று கேட்டால் அப்படி ஒருவரைத் தேடிக் கொடுப்பது அவர் வேலை, சம்பளம் தயாரிப்பாளர் தருவார். காஸ்டிங் டைரக்டர் இல்லாத படங்களில் இதே வேலையை கோ-டைரக்டரோ அசோசியேட்டோ பார்ப்பார்கள். விளம்பரப் படங்களுக்கு ஆள் பிடிப்பவரை கோ-ஆர்டினேட்டர் என்பார்கள்.

மேனேஜர் என்பவர்தான் நீங்கள் கேட்கும் ஏஜென்ட். உங்கள் சார்பில் சம்பளம் பேசுவார், கால்ஷீட் பார்ப்பார், இரண்டு படத் தேதி மோதாமல் பார்த்துக்கொள்வார், நின்றுபோன செக்கைத் துரத்துவார். இதற்கு அவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதத்துக்குள் பேசுவார்கள்.

ஏஜென்டுக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவை மனதில் வைத்து எழுதியவை. கலிஃபோர்னியாவில் டேலண்ட் ஏஜென்சி நடத்த அரசின் லைசென்ஸ் வேண்டும், நடிகர் சங்க ஒப்பந்தத்தின்கீழ் ஏஜென்டின் பங்கு 10 சதவீதம், நடிகரிடம் முன்பணம் வாங்கச் சட்டத்திலேயே தடை. அங்கே ஏஜென்ட் இல்லாமல் பல ஆடிஷன்களுக்குள் நுழையவே முடியாது. நம் ஊரில் அந்த மாதிரி லைசென்ஸ் முறை இல்லை. விசிட்டிங் கார்டு அடித்தால் யாரும் மேனேஜர்தான். அதேபோல மேனேஜர் இல்லாமலேயே காஸ்டிங் டைரக்டருக்கும் அசிஸ்டென்ட் டைரக்டருக்கும் நேரடியாக வீடியோ அனுப்பலாம். அப்படி வந்தவர்களைத்தான் நாங்கள் சின்ன வேடங்களுக்கு அதிகமாக எடுத்தோம். ஆகவே உங்கள் நிலையில் முதலில் அணுக வேண்டியது காஸ்டிங் ஆட்களை. இரண்டு மூன்று படத்தில் பெயர் சொல்லும்படி ஏதாவது செய்த பிறகு மேனேஜரிடம் போங்கள்.

மேனேஜர் பக்கமிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும். உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் 3,000 ரூபாய், மொத்தம் நான்கு நாள் வேலை என்று வையுங்கள். பன்னிரண்டாயிரத்தில் 15 சதவீதம் 1,800 ரூபாய். அதற்காக அவர் பத்து ஆபீசுக்குப் போன் போட்டு, இரண்டு மாதம் பின்தொடர வேண்டும். செய்வாரா? தறியில் சேலை ஏறாமல் ஆரணியில் எந்த வியாபாரியும் விலை பேச வரமாட்டார். மேனேஜர் உங்களைப் பற்றிப் பேச ஒரு பொருள் வேண்டும்: ஒரு படத்தில் கவனிக்கப்பட்ட ஒரு காட்சி, பரவலாகப் பார்க்கப்பட்ட ஒரு குறும்படம், ஒரு வெப் சீரிஸ் வேடம், இப்படி ஏதாவது ஒன்று.

சரி, அந்தப் பொருளை எப்படித் தயார் செய்வது?

போட்டோவுக்கு ஸ்டுடியோ பேக்கேஜ் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், ஒரே நிறச் சட்டையில் நேர் முகம், இரண்டு பக்க முகம், முழு உயரம் என்று நான்கு படம் போதும். கூலிங் கிளாஸ் வேண்டாம், ஃபில்டர் வேண்டவே வேண்டாம். படத்தில் மாநிறமும் நேரில் வேறு நிறமுமாக ஒருவர் வந்து நின்றால் எங்களுக்கு அரை நாள் வீண், அவருக்குப் பஸ் காசு வீண். தாடி, மீசை மாற்றினால் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோதான் முக்கியம். அதை எடுப்பதில் நம் பிள்ளைகள் நிறைய நல்ல வாய்ப்புகளைக் கோட்டைவிடுவதை வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். ஒரு பையன் அனுப்பியது இன்னும் நினைவிருக்கிறது. மொட்டை மாடி, பின்னால் காயப்போட்ட துணி, காற்றில் பாதி வசனம் போய்விட்டது. பேசியது ஒரு பெரிய நடிகரின் புகழ்பெற்ற வசனம், அதே குரலில், அதே கையாட்டலோடு. நன்றாகத்தான் செய்திருந்தார். ஆனால் அவர் யார், அவருக்கு என்ன வரும் என்று அந்த வீடியோவில் ஒன்றுமே தெரியவில்லை. அதே வாரம் ஆரணிப் பக்கத்து ஒரு பெண் அனுப்பியதில், ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்கிறவரிடம் பேசுவதுபோல் ஒன்றரை நிமிடம். கத்தவில்லை, அழவில்லை. 'போன மாசமும் இதான சொன்ன' என்று சொல்லிவிட்டுப் பையை மடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். இயக்குநர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

ஆகவே இரண்டு காட்சி எடுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். ஒன்று உங்கள் ஊர் வாழ்க்கையிலிருந்து நீங்களே அமைத்தது, மற்றது அதற்கு நேர்மாறான மனநிலை. போனைப் படுக்கை வாக்கில், கண் மட்டத்தில் நிறுத்துங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். எதிர் வசனத்தை ஒரு நண்பர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லட்டும், நீங்கள் அவரைப் பார்த்துப் பேசுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படி என்பீர்கள். விடியற்காலையில் எடுங்கள், தெருவிலும் சத்தம் இருக்காது. இதற்கு முன்னால் தனியாக ஒரு அரை நிமிட அறிமுகம்: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், வண்டி ஓட்டுவது, சிலம்பம், நீச்சல் மாதிரி உண்மையிலேயே வரும் விஷயங்கள். குதிரை ஏற்றம் தெரியும் என்று பொய் சொல்லாதீர்கள், ஷூட்டிங்கில் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

மொழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் பேச்சை மறைத்து, டிவியில் வரும் தமிழைப் பேச முயல்கிறார்கள். அது தேவையே இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு என்று சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு சரளமாக வருகிறது! வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரத்தில் வளர்ந்தவருக்கு உருது காதில் விழுந்தே பழகியிருக்கும். இந்த மூன்று மொழியும் ஒரே வாயில் வரும் ஆள் சென்னையில் ஆடிஷனுக்கு வருபவர்களில் குறைவு. அறிமுக வீடியோவில் ஒவ்வொரு மொழியிலும் இரண்டு வரி பேசிக் காட்டுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஒரு காட்சி வையுங்கள்.

பயிற்சிக்குச் சென்னைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் கூத்துக்குப் பேர்போன மண். செய்யாறு பக்கம் புரிசையில் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை இன்றும் ஆடுகிறது. 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைப் பார்த்து அதில் ஈர்க்கப்பட்டவர். அந்தப் பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம், விமல் என்று எத்தனை பேர் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்தவர். நீங்களும் கணக்கு வேலையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். மைக் சரியில்லாத இடத்தில்கூடக் கடைசி வரிசைக்குக் குரலைக் கொண்டுபோவது எப்படி, இரவு மூன்று மணிக்கும் உடம்பை விறைப்பாக வைத்திருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளலாம். கேமராவுக்கு முன் அதைச் சுருக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும், அது வேறு பயிற்சி.

அந்தப் பயிற்சிக்குக் குறும்படங்கள்தான் நல்ல இடம். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி, லயோலா மாதிரி விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) துறை உள்ள கல்லூரிகள் எல்லாவற்றிலும் மாணவர்கள் படிப்புக்காகப் படம் எடுத்தே ஆக வேண்டும், அவர்களுக்கு நடிகர்கள் தேவை. சம்பளம் இருக்காது, பேட்டா (அன்றைய செலவுக் காசு) கிடைத்தால் உண்டு. ஆனால் ஒழுங்கான கேமரா, லைட், சவுண்டோடு எடுத்த உங்கள் காட்சி கிடைக்கும். அதைவிட முக்கியம், அந்த மாணவர்தான் மூன்று வருடம் கழித்து ஒரு படத்தில் அசிஸ்டென்ட். ஆடிஷன் வரும்போது அவருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வரும். படம் முடிந்ததும் உங்கள் காட்சியைக் கேட்டு வாங்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்பார்கள்.

இனி அணுகும் முறை. காஸ்டிங் ஆட்களின் பெயரைப் படங்களின் டைட்டில் கார்டிலிருந்து எடுங்கள். உங்களைப் போன்ற புதுமுகங்களுக்கு இடம் கொடுத்த சமீபத்துப் படங்கள் எவை என்று பார்த்து, அதில் வேலை செய்தவர்களுக்கு எழுதுங்கள். நூறு பேரை ஒரே குரூப்பில் போட்டு அனுப்பும் செய்தியை யாரும் திறப்பதில்லை. 'சார் ஒரு சான்ஸ் குடுங்க, என் லட்சியமே சினிமாதான்' என்ற வரியும் வேண்டாம். லட்சியம் இல்லாமல் யாரும் அனுப்புவதில்லை. எங்களுக்கு வேண்டியது தகவல். இப்படி எழுதினால் போதும்:

'வணக்கம் சார். என் பெயர் இன்னது, வயது 23, உயரம் 5 அடி 8 அங்குலம், ஊர் குடியாத்தம். தமிழ், தெலுங்கு சரளம், உருது பேசுவேன். இரண்டு குறும்படங்களில் நடித்திருக்கிறேன். நீங்கள் காஸ்டிங் செய்த இந்தப் படத்தில் டீக்கடைக்காரர் வேடத்துக்கு ஊர் ஆளையே போட்டிருந்தது பிடித்தது. அறிமுகம், இரண்டு காட்சிகள், போட்டோ நான்கும் இந்த லிங்கில் உள்ளன. முதல் நாள் சொன்னால் மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் இருப்பேன். போன் எண் இது.'

அவ்வளவுதான். லிங்கை யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று வேறொருவர் போனில் சோதித்துப் பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் லிங்குக்கு நேரம் செலவழிக்க யாரும் இல்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயர், வயது, ஊர் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தினமும் குட்மார்னிங் அனுப்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, புதிதாகக் காட்ட ஏதாவது இருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் அப்போது உங்களுக்கு ஏற்ற வேடம் இல்லாததுதான். நாங்கள் எடுத்துவைத்த வீடியோவை எட்டு மாதம் கழித்துத் தேடிக் கூப்பிட்டதும் உண்டு. போன் எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இரண்டு மூன்று வேடம் செய்த பிறகு மேனேஜரைச் சந்திக்கும்போது, அவர் உங்களைக் கேள்வி கேட்பதுபோல நீங்களும் கேட்கலாம். கேட்க வேண்டும். இப்போது யார் யாருக்கு மேனேஜராக இருக்கிறீர்கள், அவர்களில் ஒருவரிடம் நான் பேசலாமா? என் வயதில், என் தோற்றத்தில் உங்களிடம் ஏற்கெனவே எத்தனை பேர்? எந்த மாதிரி வேடங்களுக்கு என்னை அனுப்புவீர்கள்? நல்ல மேனேஜர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சந்திப்பு ஆபீசிலோ, ஆட்கள் நடமாடும் ஹோட்டலிலோ பகலில் நடக்கட்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது முக்கியமாகப் பணமும் காலமும். முதல் தடவை ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள். சினிமாவுக்கு மட்டுமா, விளம்பரம், சீரியல், யூடியூப் எல்லாவற்றிலுமா என்று எழுத்தில் இருக்கட்டும். நீங்களே பிடித்த வேலைக்கும் அவருக்குப் பங்கு உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாரோடும் சேரக்கூடாது என்று ஒரு வரி போட்டு மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் பெர்செப்ட் டி'மார்க் என்ற நிறுவனத்துக்கும் இதே மாதிரி வழக்கு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வேறு நிறுவனத்தோடு சேர்வதென்றால் முதல் வாய்ப்பைத் தங்களுக்கே தர வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி அந்த நிபந்தனை செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் அவர் ஒருவர்தான் மேனேஜர் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது கட்டுப்படுத்தும். அதனால்தான் காலத்தைக் குறைவாக வைக்கச் சொல்கிறேன்.

பணம் எப்போதும் உங்கள் வங்கிக் கணக்குக்கு, உங்கள் பான் எண்ணில் வரட்டும். சம்பளம் ஒரு லட்சம் என்றால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து 90,000 வரும். மேனேஜருக்கு மொத்தத்தில் 15 சதவீதம் என்று பேசியிருந்தால் 15,000 போய் உங்கள் கையில் 75,000. பிடித்த பத்தாயிரம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்தால், வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாத வருடத்தில் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். மேனேஜர் கணக்கு வழியாக வந்தால் அந்த வரவு அவர் பெயரில் ஏறிவிடும். கணக்கு வேலையில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மோசடிக்காரர்கள் இப்போது பதிவுக் கட்டணம் என்று மட்டும் கேட்பதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் போர்ட்ஃபோலியோவை அவர்கள் சொல்லும் ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும் என்பார்கள், யூனியன் கார்டு (சினிமா சங்க உறுப்பினர் அட்டை) வாங்கித் தருகிறேன் என்பார்கள், காஸ்ட்யூம் டெபாசிட் என்பார்கள். பெரிய ஹீரோ படத்தின் போஸ்டரைப் போட்டு ஆடிஷன் அறிவிப்பு வரும். பெரிய தயாரிப்பு நிறுவனங்களே இதெல்லாம் போலி, நம்பாதீர்கள் என்று அவ்வப்போது அறிக்கை விடுகின்றன. அறிவிப்பு உண்மையா என்று அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பாருங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இதைப் படிக்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற சொல் பேச்சில் வந்த நிமிடம் எழுந்து வந்துவிடுங்கள், மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டம் ஷூட்டிங் இடத்துக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அப்படிக் குழு இல்லாத சின்ன ஆபீஸ் என்றால், மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். குழந்தைகளை நடிக்க வைக்கும் பெற்றோரும் கவனியுங்கள்: தயாரிப்பாளர் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும். இதைப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, தம்பி, வேலையை விடலாமா என்ற கேள்வி. இப்போது விடாதீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து விடியலில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையிலேயே உங்களைச் சென்ட்ரலில் விட்டுவிடும், சாயங்காலம் அதே வண்டியில் திரும்பலாம். ஆடிஷனுக்கு அது போதும், பல இடங்களில் முதல் சுற்று இப்போது வீடியோவிலேயே முடிந்துவிடுகிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது வேண்டாத வேடத்தை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இருக்கும். வடபழனியில் அறை எடுத்து வாடகைக்குத் திணறும்போது அந்தத் தைரியம்தான் முதலில் போகும். தொடர்ந்து பத்து நாள், பதினைந்து நாள் கால்ஷீட் கேட்டு அடிக்கடி அழைப்பு வந்து, கம்பெனியில் லீவு கொடுக்க மறுக்கும் நிலை வரட்டும். அப்போது ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால் கிளம்புங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு இருக்கின்றன. இந்த ஞாயிறு அந்த இரண்டு காட்சிகளையும் எடுத்துவிடுங்கள்.